விட்ட இடத்திலிருந்து

ஜனவரி 12

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். என் முழங்கால் மட்டும் தனி ராஜ்ஜியம் நடத்துகிறது, மாடிப்படி என்றால் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் என் சுண்டுவும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்கு முன்பல் விழுந்ததா, இன்னும் ஆட்டிக்கொண்டே திரிகிறாளா? மாப்பிள்ளை ஓட்டுவது இன்னும் அதே மலைப்பாதை பஸ்தானா?

உன்னிடம் ஒரு உதவி வேண்டும். எங்கள் பதிப்பகத்தில் ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்று தயாராகிறது என்று சொன்னேன் அல்லவா, அதில் இப்போது என் தலையில் கட்டியிருக்கும் பக்கம், எப்போதாவது நடக்கிற காரியங்களுக்கான சொற்கள். இங்கிலீஷ்காரன் இதற்கு ஒரு கூடை வைத்திருக்கிறான். அக்கேஷனல், ஸ்பொராடிக், இன்டர்மிட்டன்ட், பீரியாடிக், ஆஃப் அண்ட் ஆன். நமக்கும் பஞ்சமில்லை. எப்போதாவது, அவ்வப்போது, விட்டுவிட்டு, அத்தி பூத்தாற்போல. எதற்கு எது ஜோடி என்று பொருத்துவதற்குள் கல்யாணத் தரகர் வேலை தேவலை என்று ஆகிவிட்டது.

எங்கள் ஆசிரியரைத் தெரியுமே, எந்தப் பேச்சையும் அவர்தான் முடித்துவைப்பார் என்பதால் நாங்கள் முற்றுப்புள்ளி என்று கூப்பிடுகிறவர். அவர் ஒரு சட்டம் போட்டிருக்கிறார். உதாரண வாக்கியம் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வீட்டில் நிஜமாகவே சொல்லப்பட்டதாக இருக்க வேண்டுமாம். நான் ‘மழை எப்போதாவது பெய்கிறது’ என்று எழுதிக் கொடுத்தேன். “இது காகிதத்துல பெய்யற மழை, யாரும் நனையலையே” என்று அடித்துவிட்டார்.

என் வீட்டில் பேச நானும் முழங்காலும்தான். உன் வீட்டில் மூன்று வாய் இருக்கிறது. உங்கள் வீட்டில் எப்போதாவது நடப்பதை நீங்கள் சொல்கிறபடியே எழுதி அனுப்பு.

உன் அக்கா

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். பல் விழுந்துவிட்டது. அதைக் கூரையில் எறிவதா, பத்திரப்படுத்துவதா என்று அப்பாவும் மகளும் ஒரு மாலை முழுக்க விவாதித்து, கடைசியில் எங்கே வைத்தார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சொன்னால் கேட்கவா போகிறாய்.

இதோ வாக்கியங்கள். எல்லாம் எங்கள் வீட்டில் விளைந்தவை, கலப்படம் இல்லை.

குழாயில் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வரும், நடுவில் காற்று மட்டும் வந்து இருமும். வீட்டுக்காரம்மா எப்போதாவது சிரிப்பார், அன்று வாடகை ஏறும். இவருடைய காக்கிச் சட்டையின் இடது கைத் தையல் அவ்வப்போது பிரிந்துபோகும், சுண்டு தொங்குகிற தொங்கலில். தைத்துத் தைத்து அந்த இடம் இப்போது வரப்பு மாதிரி தடித்துவிட்டது.

இன்னொன்று இவரைப் பற்றி. படித்துவிட்டு நீயே சிரிப்பாய். ‘என் வீட்டுக்காரருக்கு எப்போதாவது பேச்சு பாதியில் நின்றுவிடும், கூப்பிட்டால் பதில் வராது, கொஞ்சம் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.’ பக்கத்து வீட்டுக்காரியிடம் நான் சொன்னது. “உன் வீட்டுல எப்பவாவதுதானா? எங்க வீட்டுல பதிலே வர்றதில்லை” என்றாள்.

உன் தங்கை

பிப்ரவரி 10

அன்புத் தங்கைக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். ராஜ்ஜியம் கொஞ்சம் பணிந்திருக்கிறது. உன் வாக்கியங்களால் எனக்கு ஆபீஸில் மரியாதை கூடிவிட்டது. மாப்பிள்ளை பேச்சு நிற்கிற வாக்கியத்தைப் படித்துவிட்டு முற்றுப்புள்ளியே சிரித்தார். அவர் சிரிப்பது அத்தி பூத்தாற்போலத்தான்.

ஆனால் ஒரு தகராறு. அதை எந்தச் சொல்லுக்குக் கீழே வைப்பது? நான் அக்கேஷனல் என்கிறேன், அவர் ஸ்பொராடிக் என்கிறார். அதனால் கொஞ்சம் துப்புத் துலக்கிச் சொல். அப்படி நிற்பதற்கு ஏதாவது கணக்கு உண்டா, இல்லை நினைத்தபோது வருமா? கணக்கு இருந்தால் பீரியாடிக் ஆகிவிடும். சில வாரம் வராமலே இருக்குமா? ஒரே நாளில் இரண்டு தடவை வருமா? தானாகவே விடுமா, நீ சத்தம் போட்டால்தான் விடுமா? அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருக்கும்? கடைசிக் கேள்வி அகராதிக்கு இல்லை, எனக்கு.

உன் அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே ஒரு கலாட்டா. இவர் டிப்போ வாசல் தூணில் பஸ்ஸைக் கொண்டுபோய் உரசிவிட்டார். காலி வண்டிதான், பெயின்ட் மட்டும் போயிற்று. எப்படி என்று கேட்டால், “தூண் எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலை” என்கிறார். அது அவர் வேலைக்குச் சேருவதற்கு முன்பிருந்தே அங்கேதான் நிற்கிறது. மேலாளர் வாயை ஊதச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் நானும் முகர்ந்து பார்த்தேன், மறைப்பானேன். ஒன்றுமில்லை.

உன் துப்புக்கு வருகிறேன். கணக்கும் கிடையாது, வழக்கும் கிடையாது. சில வாரம் வரவே வராது. சில நாள் சாப்பிடும்போது ஒன்று, செருப்பு மாட்டும்போது ஒன்று. நான் கத்தினாலும் விடாது, தானாகத்தான் விடும். முகம் அப்படியே இருக்கும், கண் மட்டும் என்னைத் தாண்டி எதையோ பார்க்கும். விரல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் வேண்டுமென்றே செய்கிறார் என்று கோபம் வரும். இப்போது சுண்டு அதை விளையாட்டாக்கிவிட்டாள். “அப்பா ஸ்டேஷனுக்குப் போயிட்டாரு” என்று அறிவித்துவிட்டு, முகத்துக்கு முன்னால் கையை ஆட்டி “டிக்கெட், டிக்கெட்” என்பாள். அவர் திரும்பி வந்து எதற்குச் சிரிக்கிறோம் என்று கேட்பார். இவர் நடிப்புக்கு ஒரு அளவே இல்லை.

சுண்டு போன வருஷத்திலிருந்தே பள்ளிக்கூடத்துக்கு இவர் பஸ்ஸிலேயே போகிறாள். இன்ஜின் பக்கத்து ஒற்றை இருக்கை அவளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது போலாகிவிட்டது.

உன் தங்கை

மார்ச் 16

அன்புத் தங்கைக்கு,

இதைத் தனியாக உட்கார்ந்து படி.

எங்கள் அகராதியின் மருத்துவச் சொற்களைப் பார்த்துக் கொடுக்க ஒரு நரம்பு டாக்டரம்மா வருவார். நேற்று டீ வரும்வரை சும்மா இருப்பானேன் என்று என் பக்கத்தின் அச்சுப் படியை எடுத்துப் படித்தார். உன் வாக்கியத்தில் பென்சிலை வைத்து, இது யார் வீட்டு வாக்கியம் என்றார். என் தங்கை வீடு என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க நான் உன்னிடம் கேட்ட கேள்விகளையே அவர் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். கணக்கு உண்டா, தானாக விடுமா, முகம் எப்படி இருக்கும். எல்லாவற்றுக்கும் பதில் உன் கடிதத்தில் தயாராக இருந்தது. பொத்தானைத் திருகுவதைச் சொன்னதும் அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “அவர் என்ன வேலை பார்க்கறார்?” என்றார்.

சொன்னேன். அதற்குப் பிறகு டீ வந்தது, அவர் குடிக்கவில்லை.

அது நடிப்பு இல்லையடி. வலிப்பில் ஒரு வகையாக இருக்கலாம் என்கிறார். கீழே விழாமல், கை கால் வெட்டாமல், நினைவு மட்டும் கொஞ்ச நேரம் அணைந்துவிடுமாம். வந்து போனது அவருக்கே தெரியாதாம். கூப்பிட்டாலும் உலுக்கினாலும் அது தன் நேரத்துக்குத்தான் விடுமாம். மருந்து இருக்கிறது, பெரும்பாலும் அடங்கிவிடும் என்கிறார். ஆனால் சோதித்துப் பார்க்கும்வரை அவர் ஸ்டியரிங் பக்கம் போகவே கூடாது என்றார்.

எனக்கு அந்தத் தூண்தான் கண்முன் நிற்கிறது. மலைப்பாதையில் தூண்கூடக் கிடையாதே. பஸ்ஸில் இப்படி எப்போதாவது நடந்திருக்கிறதா? சுண்டு பக்கத்தில் உட்கார்கிறாளே, அவளிடம் கேட்டுப்பார். உங்கள் தெருவில் போன் மருந்துக்கடையில்தான் இருக்கிறது, நாலு பேர் நிற்கிற இடத்தில் பேசுகிற விஷயம் இல்லை என்றுதான் எழுதுகிறேன். உடனே பதில் போடு.

உன் அக்கா

ஏப்ரல் 9

அன்புத் தங்கைக்கு,

பதில் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே நான் படியிறங்கிவிடுகிறேன், முழங்காலாவது ஒன்றாவது. என் கடிதம் கிடைத்ததா இல்லையா, அதை மட்டுமாவது எழுது. தினம் பேப்பரைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது.

உன் அக்கா

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் நலனுக்கு வேண்டுகிறேன்.

கடிதம் கிடைத்தது. நீயும் உன் டாக்டரம்மாவும் ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனுக்கு வியாதி கட்டிவிட்டீர்கள். அந்த வாக்கியம் நான் சும்மா எழுதியது. சிரிக்கட்டும் என்று கொஞ்சம் கூட்டி எழுதினேன். அதை எடுத்துவிடு. பஸ்ஸில் ஒருநாளும் ஒன்றும் நடந்ததில்லை.

வண்டியை விட்டு இறங்கினால் இவருக்கு வேறு வேலை தெரியாது. வாடகை வீடு, படிக்கிற பிள்ளை. இதையும் உன் அகராதியில் பார்த்துக்கொள்.

வேறு விசேஷம் இல்லை. பள்ளிக்கூடம் விடுமுறை. சுண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை அப்பாவோடு பஸ்ஸிலேயே சுற்றுகிறாள். வெயிலில் கறுத்துப்போய்விட்டாள். இவர் சட்டையைத் தைத்து எனக்கு மாளவில்லை.

உன் தங்கை

மே 14

அன்புத் தங்கைக்கு,

நான் நலமாக இல்லை. நீயும் இல்லை என்று தெரிகிறது.

நீ பொய் வாக்கியம் எழுதினால் எனக்குத் தெரியாதா? வாக்கியங்களைத் தட்டிப் பார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு. பொத்தான் திருகுவதை யாரும் சிரிப்புக்காகக் கூட்டி எழுதமாட்டார்கள். நினைவு தப்பாத யாரும் வருஷக்கணக்காகப் பார்த்த தூணில் போய் உரசவும் மாட்டார்கள். சோற்றுக்கு என்ன செய்வது என்ற உன் பயம் நியாயமானதுதான். நான் இருக்கிறேன். ஆனால் அந்த பஸ்ஸில் ஏறுகிற ஒருவருக்கும் நீ எழுதிய பிப்ரவரிக் கடிதம் தெரியாது. எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒன்று கேட்கிறேன். விடுமுறையில் பிள்ளை வீட்டில் கிடந்து தூங்கும், தெருவில் விளையாடும். நீ அவளை ஏன் ஒவ்வொரு நடையும் பஸ்ஸில் அனுப்புகிறாய்?

இந்த மாதத்துக்குள் மாப்பிள்ளையிடம் நீ சொல்லாவிட்டால் நான் டிப்போ மேலாளருக்கு எழுதுவேன். அதற்குப் பிறகு என் முகத்தில் நீ விழிக்கமாட்டாய் என்றாலும் எழுதுவேன்.

உன் அக்கா

மே 26

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை நான்தான் வாங்கினேன். உறை பாதி பிரிந்திருந்தது, படித்துவிட்டேன், மன்னிக்கவும். உங்கள் தங்கையிடம் கேட்டால் அழுகிறாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அதனால் டிப்போ ஓய்வறையில் உட்கார்ந்து நேரே உங்களுக்கே எழுதுகிறேன். பின்னால் நாலு பேர் கேரம் ஆடுகிறார்கள், எழுத்து ஆடியிருந்தால் அவர்கள்தான் காரணம். சுண்டு நடத்துநரோடு ஐஸ் வாங்கப் போயிருக்கிறாள்.

அக்கா, நான் பேச்சுக்கு நடுவில் கொஞ்சம் யோசிக்கிற ஆள். யோசிப்பதும் ஒரு வியாதியா? அந்தத் தூண் விஷயம் எனக்கே புரியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக நினைவு தப்புகிறது என்றால் எப்படி? என் நினைவு எனக்குத் தெரியாதா? எனக்கு அப்படி ஒருநாளும் ———————————————— வந்ததே இல்லை. என்னை நம்பி ஏறுகிறவர்களை ஏமாற்றுகிற ஆள் நான் இல்லை. அப்படி ஒன்று இருப்பதாக எனக்கே தெரிந்தால் அந்த நிமிஷமே சாவியைக் கொடுத்துவிடுவேன். மேலாளருக்கு எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்புள்ள,
சுண்டுவின் அப்பா

ஜூன் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் பொய் சொல்கிற மனிதர் இல்லை. அதனால்தான் மேலாளருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தக் கடிதத்தையே இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ‘எனக்கு அப்படி ஒருநாளும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே பேனா நின்று, மை ஊறிப் பொட்டாகியிருக்கிறது. பிறகு அது ஒரு கோடாகச் சரிந்து தாளின் ஓரம்வரை போயிருக்கிறது. அதற்கு அடுத்த வரியில், ஒன்றுமே நடக்காதது போல, ‘வந்ததே இல்லை’ என்று அழகான கையெழுத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். கேரம் ஆடினவர்கள்மேல் பழி போடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை கிளம்பி வருகிறேன். டாக்டரம்மா அங்கே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவீர்கள் என்று நம்புகிறேன்.

சுண்டுவின் பெரியம்மா

ஜூன் 11

அக்காவுக்கு,

நீ இவருக்கு எழுதிய கடிதத்தில் சொன்ன வெள்ளிக்கிழமை போய்விட்டது. முழங்கால் வீங்கி டாக்டர் படுக்கச் சொல்லிவிட்டார் என்று நீ போட்ட கார்டு வந்தது. எழுந்து நடக்க முடிந்ததும் வா. அதற்குள் எழுதிவிடுகிறேன், நேரில் இதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

உன் உறை வந்தபோது இவர் மத்தியானப் பணிக்குக் கிளம்பி, காக்கிச் சட்டையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். பிரித்து, தன் கடிதத்தையே பார்த்ததும் சிரித்தார், “உங்க அக்கா தபால் செலவு பண்ணிக் கிண்டல் பண்றாங்க” என்று. பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோனார். “இந்தக் கோட்டை யாரு போட்டது?” என்றார்.

நிஜமாகவே கேட்டார், அக்கா. சுண்டு கிறுக்கியிருப்பாள் என்றுதான் அவளைக் கூப்பிட்டார். அவள் தாளைப் பார்த்துவிட்டு, “நான் இல்லைப்பா, நான் ஐஸ் வாங்கப் போயிருந்தேன்” என்றாள். “பக்கத்துல இருந்திருந்தா சட்டையை இழுத்திருப்பேன்.”

எதற்கு இழுப்பாய் என்று கேட்டார்.

“நீங்க ஸ்டேஷன் போயிட்டா வளைவு வந்துடும்ல. முன்னாடி நானா இழுப்பேன். இப்ப எல்லா ட்ரிப்பும் கூடப் போய் இழுக்கணும்னு அம்மா சொல்லியிருக்காங்க.”

நீ கேட்டாயே, ஏன் ஒவ்வொரு நடையும் அனுப்புகிறாய் என்று. இதுதான் பதில். மார்ச்சில் உன் கடிதம் வந்த அன்றே அவளிடம் கேட்டுவிட்டேன். பஸ்ஸிலும் அப்படி ஆகும், சட்டையைப் பிடித்து இழுப்பேன் என்று அன்றைக்கே சொன்னாள். மறுநாள் காலையில் அவளுக்குத் தலை வாரிவிட்டு, நானே பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். உலுக்கினாலும் விடாது என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் ஏற்றினேன்.

இவர் முகம் வெளுத்துப்போயிற்று. எத்தனை தடவை இழுத்திருக்கிறாய் என்று அவளைக் கேட்டார். அவள் அவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி கன்னத்தைத் தடவி, “பயப்படாதீங்கப்பா, எப்பவாவதுதான்” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் நான் எங்கேயும் போயிருக்கவில்லை, எல்லாம் தெரிந்துகொண்டுதான் நின்றேன். அவர் சட்டையைக் கழற்றி, அந்தத் தையலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியில் போட்டார். வேறு சட்டை மாட்டி டிப்போவுக்கு நடந்தே போய், சாவியை மேலாளர் மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தார். டிக்கெட் கவுன்டரில் இடம் பார்க்கலாம் என்றிருக்கிறார்களாம். நிச்சயமில்லை. நீ தனி உறையில் அனுப்பிய சீட்டின்படி திங்கட்கிழமை ஆஸ்பத்திரி.

அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை இல்லை. எது வேண்டுமானாலும் சுண்டுவிடம் சொல்லுவார், அவள் என்னிடம் சொல்லுவாள்.

நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முதல் பேச்சு. “உன்னை எப்படி” என்று ஆரம்பித்தார். அத்தோடு நின்றுபோனது. கண் என்னைத் தாண்டிப் போயிற்று, விரல் பொத்தானைத் தேடியது. சுண்டு வழக்கம்போலக் கையை நீட்டினாள். வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். இழுத்தால் வராது என்று தெரியும். தெரிந்தும் இந்தத் தடவை நான் போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வந்துவிட்டார். நான் எப்போது பக்கத்தில் வந்தேன் என்று ஒரு கணம் பார்த்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

“மன்னிக்கறதுன்னு தெரியலை” என்றார்.

உன் தங்கை